நீர்ப்பம்பியினுள் கேட்கும் கல்லோசை

மாசி, பங்குனி மாதங்களில் மகாவலி கங்கையும் அதில் வந்து விழும் ஓயாக்களும் தாழ்ந்து ஓடுகின்றன. போஞ்சிக்கும் தக்காளிக்கும் கோவாவுக்கும் நீர் மிகுதியாக வேண்டியிருப்பதும் அக்காலத்திலேயே. அதுவரை ஒழுங்காக ஓடிய நீர்ப்பம்பி அப்போது புதுவிதமாகச் சத்தமிடத் தொடங்கும். உள்ளே ஒரு பிடி சரளைக்கல்லைப் போட்டுச் சுழற்றுவது போன்ற ஓசை கேட்கும். நீர் ஒரே சீராக விழாமல் திணறித் திணறி விழும். பம்பி நடுங்கும். இதனைக் கண்ட சிலர் பெயரிங் தேய்ந்துவிட்டதென்று அதனை மாற்றுகின்றனர். வேறு சிலர் பம்பிக்கு வலுப் போதாதென்று இன்னும் பெரியதொன்றை வாங்குகின்றனர். முன்னையது வீண் செலவு. பின்னையது நோயை முற்றச் செய்வது.

இவ்வோசையின் காரணத்தை அறிய வேண்டுமாயின், பம்பி நீரை எவ்வாறு மேலே கொண்டுவருகின்றது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். பம்பி நீரை இழுப்பதில்லை. அதனுள்ளே சுழலும் சில்லு, அதாவது மெக்கானிக்குகள் இம்பெலர் என்று சொல்லும் உறுப்பு, தன் நடுவில் உள்ள நீரை ஓரத்துக்கு வீசி எறிகின்றது. அதனால் நடுவில் அமுக்கம் குறைகின்றது. வெளியே ஆற்றின் மேற்பரப்பை அழுத்திக்கொண்டிருக்கும் காற்றே நீரை உறிஞ்சு குழாய் வழியாக மேலே தள்ளுகின்றது. ஆகவே நீர் எவ்வளவு உயரம் ஏறும் என்பதைத் தீர்மானிப்பது காற்றின் அமுக்கமே. எஞ்சினின் வலு அதனைக் கூட்டாது.

கடல் மட்டத்தில் காற்றின் அமுக்கம் 10.3 மீற்றர் உயரமான நீர்நிரலைத் தாங்க வல்லது. கண்டி நகரும் அதன் சுற்றுப்புறமும் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் இருப்பதால், இங்கே அது சுமார் 9.7 மீற்றரே. இதனை உங்கள் கையிருப்புப் பணம் போலக் கருதிக் கணக்குப் பாருங்கள். நீர் ஆவியாகாதிருக்க 0.3 மீற்றர் ஒதுக்க வேண்டும். உறிஞ்சு குழாயிலும் வளைவுகளிலும் வடிகட்டியிலும் உராய்வினால் 1 மீற்றர் அளவு போகலாம். சில்லினுள் நுழைவதற்கென்று பம்பியே 3 மீற்றர் அளவு கேட்கும். பம்பிக்குப் பம்பி இது வேறுபடும். எஞ்சுவது 5.4 மீற்றர். ஆகவே நீர்மட்டத்துக்கும் பம்பிக்கும் இடையிலான உயரத்தை 5 மீற்றருக்கு, அதாவது 16 அடிக்கு, மேற்படாமல் வைப்பதே புத்தி. நுவரெலியாவில் மரக்கறி செய்வோர் இன்னும் கவனமாக இருத்தல் வேண்டும். அங்கே கையிருப்பு 8.2 மீற்றர் மட்டுமே; ஆகையால் 4 மீற்றருக்குக் குறைவாகவே வைத்துக்கொள்ள வேண்டும். கரையோர மாவட்டங்களிலிருந்து வந்த உறவினர் தம் பம்பி இன்ன ஆழத்திலிருந்து இறைக்கின்றதென்று சொல்வாராயின், அவ்வளவை மலைநாட்டில் அப்படியே பின்பற்றலாகாது.

கையிருப்புக்கு மேல் செலவு செய்தால் என்ன நேரும்? சில்லின் வாயில் அமுக்கம் மிகவும் தாழ்ந்து, நீர் சூடேறாமலே கொதிக்கும், ஆவிக்குமிழிகள் தோன்றும். அவை சில்லின் அலகுகள் வழியே ஓரத்துக்குச் செல்லும்போது அமுக்கம் திடீரென உயர்கின்றது. குமிழிகள் ஒரு நொடியின் ஆயிரத்திலொரு பங்குக்குள் உடைந்து நசுங்குகின்றன. நீங்கள் கேட்கும் கல்லோசை அதுவே. ஒவ்வொரு குமிழியும் நசுங்கும்போது இரும்பின் மேல் நுண்ணிய சம்மட்டி அடி விழுகின்றது. கப்பல்களின் சுழல்விசிறிகள் இவ்வாறு அரிக்கப்படுவதைப் பற்றி ஆராய்ந்த றேலி பிரபு என்னும் ஆங்கில விஞ்ஞானி, குமிழி நசுங்கும்போது தோன்றும் பேரமுக்கத்தை 1917ஆம் ஆண்டில் கணக்கிட்டுக் காட்டினார். இத்தகைய பம்பியைக் கழற்றிப் பார்த்தால், சில்லின் அலகுகள் கறையான் தின்ற பலகைபோல் குழி விழுந்திருக்கும். மணல் தேய்த்த இரும்பு அப்படியிராது, வழுவழுப்பாக இருக்கும். இவ்வேறுபாட்டை நினைவில் வையுங்கள்.

பம்பியைக் கழற்றாமலே நோயை அறிய எளிய வழி உண்டு. பம்பி ஓடும்போது, நீர் வெளியேறும் பக்கத்துக் கேட் வால்வைச் சற்றே மூடிப் பாருங்கள். கல்லோசை குறைந்தால் குற்றம் உறிஞ்சும் பக்கத்தில் இருக்கின்றது. ஏனெனில் நீரோட்டம் குறைந்ததும் உராய்வும் பம்பியின் தேவையும் குறைகின்றன. ஓசை சிறிதும் மாறாவிடின் பெயரிங்கைச் சோதியுங்கள். வால்வை முற்றாக மூடிக்கொண்டு நெடுநேரம் ஓட்டலாகாது. நீர் உள்ளேயே சுழன்று சூடேறும். உறிஞ்சும் பக்கத்தில் வால்வு இருந்தால் அது எப்போதும் முழுவதும் திறந்தேயிருக்க வேண்டும்.

எல்லா ஓசையும் நோயன்று. மின்மோட்டாருடன் இணைந்த பம்பி நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,900 முறை சுழல்கின்றது. சில்லில் 6 அலகுகள் இருப்பின், அவை பம்பிக்கூட்டின் வெளிவாயை நொடிக்கு 290 முறை கடக்கின்றன. ஒவ்வொரு முறையும் நீரில் சிறு தட்டு விழுகின்றது. பம்பியின் சீரான ரீங்காரம் இதிலிருந்தே பெரும்பாலும் பிறக்கின்றது. நல்ல நிலையில் உள்ள பம்பியின் ரீங்காரத்தைக் காதுக்குப் பழக்கிக்கொண்டவருக்கு அது கெடும் நாளை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பரிகாரங்களுள் முதலாவது, பம்பியை நீருக்கு அருகே இறக்குதல். கண்டியிலிருந்து மஹய்யாவ வழியாக ரயில்பாதையும் பெருந்தெருவும் இறங்கிச் செல்லும் கட்டுகஸ்தோட்டை போன்ற இடங்களில் ஆற்றங்கரை உயரமானது. மேட்டில் கொட்டில் கட்டிப் பம்பியை அங்கேயே நிலையாக வைத்தால், ஆறு தாழும் மாதங்களில் 5 மீற்றர் எல்லையைக் கடந்துவிடும். கரையில் ஒரு படி வெட்டிப் பம்பியை இறக்கி வையுங்கள். மழை தொடங்குமுன் மேலே எடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது, உறிஞ்சு குழாயைப் பெருப்பித்தல். 2 அங்குலக் குழாய்க்குப் பதில் 3 அங்குலக் குழாய் போட்டால், அதே அளவு நீருக்கு உராய்விழப்பு ஏழிலொரு பங்குக்கும் குறைந்துவிடும். குழாய் வாங்கும் காசு சில்லு வாங்கும் காசைக் காட்டிலும் குறைவு. குழாய் நீரிலிருந்து பம்பிவரை தொடர்ந்து மேல்நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். இடையில் மேடு இருப்பின் அங்கே காற்றுத் தங்கி நீரோட்டம் திணறும்.

குழாயின் அடியிலுள்ள புட் வால்வு நீர்மட்டத்துக்குக் குறைந்தது அரை மீற்றர் கீழே இருக்கட்டும். அதற்கு மேலே நீர் சுழித்து, சுழியின் நடுவே காற்று உள்ளே இறங்குவதைக் காண்பீராயின், அவ்விடத்தில் ஒரு மரப்பலகையை மிதக்கவிட்டுக் கயிற்றால் கட்டுங்கள். சுழி உடைந்துவிடும்.

எஞ்சினின் வேகத்தைக் கூட்டுவது மட்டும் பரிகாரமன்று. நூற்றுக்குப் 10 வீதம் வேகம் கூடினால் உறிஞ்சும் பக்கத்துத் தேவை 21 வீதமும், வேண்டிய வலு 33 வீதமும் கூடுகின்றன. எண்ணெய் எரியும், நீர் வராது.

இனி, குன்றின்மேலுள்ள தோட்டங்களுக்கு நீர் ஏற்றுவோர்க்கு ஒரு வார்த்தை. ஓடும் நீரைச் சடுதியாக நிறுத்தினால் அமுக்க அலை குழாய் நெடுக ஓடித் திரும்பும். மொஸ்கோ நகரின் நீர்க்குழாய்களில் சோதனை செய்த யூக்கோவ்ஸ்கி என்பார் இதன் கணக்கை 1898ஆம் ஆண்டில் வெளியிட்டார். நொடிக்கு 1.5 மீற்றர் வேகத்தில் ஓடும் நீரை ஒரேயடியாக நிறுத்தினால், பி.வி.சி. குழாயில் சுமார் 60 மீற்றர் நீருயரத்துக்கும், இரும்புக் குழாயில் சுமார் 180 மீற்றர் நீருயரத்துக்கும் சமமான அமுக்கம் மேலதிகமாகத் தோன்றும். குழாய்ப் பொருத்துகள் விட்டுப்போவது பெரும்பாலும் இதனாலேயே. வால்வை மூடும்போது இருபதுவரை எண்ணிக்கொண்டு மெல்ல மூடுங்கள். மின்சாரம் திடீரென நின்றால் நீர் பின்னோக்கிப் பாய்ந்து சில்லை எதிர்ப்புறமாகச் சுழற்றும். பம்பிக்கு அடுத்து, தாமதமின்றி மூடும் ஒருவழி வால்வு ஒன்று இருத்தல் வேண்டும்.

பொல்கொல்லவில் 1976ஆம் ஆண்டிலிருந்து மகாவலி நீர் ஏறக்குறைய 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கம் வழியாக உக்குவெல மின்நிலையத்துக்குத் திருப்பப்படுகின்றது. இத்தகைய நெடுஞ்சுரங்கங்களை அமைக்கும் எந்திரவியலாளரும் இதே அலையைக் கருத்திற் கொண்டே கணக்கிடுகின்றனர். பெரிய பொறிகளிலும் நடுக்கத்தை அலட்சியம் செய்யலாகாது. ரஷ்யாவின் சயானோ-சுசென்ஸ்கயா நீர்மின் நிலையத்தில், 2009 ஆகஸ்ட் 17ஆம் நாள், நெடுநாள் நடுக்கத்தால் தளர்ந்த ஆணிகள் முறிந்து பொறியின் மூடி பெயர்ந்தது. 75 பேர் இறந்தனர். உங்கள் பம்பியின் அடித்தள ஆணிகளைக் கிழமைக்கொரு முறை சாவியால் இறுக்கிப் பாருங்கள். இறுக்கியும் மறுகிழமை தளர்ந்திருந்தால், ஆணியை விட்டுவிட்டு உறிஞ்சு குழாயைச் சோதியுங்கள்.