தனக்குத்தானே தந்த சான்றிதழ்

மாற்றுச் சான்றிதழில் தலைமையாசிரியை கையொப்பமிட்டிருந்தால் வேறு பள்ளி ஏற்கும். மாணவி தானே கையொப்பமிட்டு நீட்டினால் ஏற்குமா? ரமணாசிரமப் பகுதியின் பள்ளிகளிலும் விடுதிகளிலும் கணினிகளை இணைக்கும் ஸ்விட்ச் பெட்டியின் நிலையும் இதுவே. பெரும்பாலும் அது தன் சான்றிதழைத் தானே எழுதிக்கொள்கிறது.

மென்பொருளைப் புதுப்பித்ததும் சில பெட்டிகள் புதிய சான்றிதழை உண்டாக்கும். நாம் முன்பு ஏற்ற பழையதோடு அது ஒத்துவராததால், பெட்டியின் நிர்வாகப் பக்கத்தைத் திறக்கையில் உலாவி எச்சரிக்கிறது. பெட்டியின் கடிகாரம் தவறினாலும், சான்றிதழின் காலம் முடிந்தாலும் எச்சரிக்கை வரும். சிஸ்கோ நிறுவனத்தின் பழைய மென்பொருள் கொண்ட பல பெட்டிகள் தாமே எழுதிய சான்றிதழ்கள் 2020 ஜனவரி 1 அன்று ஒருசேரக் காலாவதியாயின. மென்பொருளைப் புதுப்பித்து, சான்றிதழையும் மீண்டும் உண்டாக்குவது அதற்கொரு தீர்வாயிற்று.

நாம் செய்யவேண்டியது யாது? முதலில் பெட்டியின் தேதியைச் சரிபார்ப்போம். பின்பு கன்சோல் கம்பியை நேரே பெட்டியில் செருகி, 'விரல்ரேகை' எனப்படும் சான்றிதழின் அடையாள எண்ணைப் படித்து, உலாவி காட்டுவதோடு ஒப்பிடுவோம். ஒத்திருந்தால் ஏற்கலாம். மாறியிருந்தால் கடவுச்சொல்லைத் தட்டவே கூடாது. இடையில் ஒளிந்திருப்பவன் அதைக் கவர்ந்தால் பள்ளியின் வலையமைப்பே அவன் கைக்குப் போகும்.

பாராமலே 'தொடர்க' என அழுத்திப் பழகிய விரல் திருடனுக்கும் கதவு திறக்கும். ஆதலின், விசாரித்து ஏற்போமாக!