ஒரு நிரல், பல ப்ராசஸர்: பேக்கேஜ் கட்டுவோருக்குப் பயனுள்ள குறிப்புகள்

டெபியன் லினக்ஸுக்குப் பேக்கேஜ் கட்டுகிறவர்கள் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டிய குறிப்புகள் இவை. உபுண்டு, ராஸ்பெர்ரி பை ஓஎஸ் ஆகியவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

1. முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். கெர்னல் 'எக்ஸ்86_64' என்று சொல்வதைத்தான் டெபியன் 'ஏஎம்டி64' என்கிறது. உங்களுடையது இன்டெல் சிப்பாக இருந்தாலும் அதே பெயர்தான். அந்த 64 பிட் கட்டளைத் தொகுப்பை முதலில் வகுத்தது ஏஎம்டி. அதேபோல் கெர்னலின் 'ஏஆர்ச்64', டெபியனில் 'ஆர்ம்64'.

2. 'யூநேம் -எம்' சொல்வதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். ராஸ்பெர்ரி பை 4இல் 32 பிட் ஓஎஸ் போட்டிருந்தாலும் உள்ளே ஓடும் கெர்னல் 64 பிட்டாக இருக்கலாம். அப்போது விடை 'ஏஆர்ச்64' என்றே வரும். அதை நம்பி 64 பிட் நிரலை ஏற்றினால் 'அப்படியொரு ஃபைல் இல்லை' என்று பிழை காட்டும். ஃபைலோ கண்ணெதிரே இருக்கும். உண்மையில் இல்லாதது, அந்த நிரலை ஏற்றிவைக்கும் 64 பிட் லோடர். இதைக் கண்டுபிடிப்பதற்குள் எனக்கு ஒரு மாலைப்பொழுதே போய்விட்டது. 'டிபிகேஜி --பிரின்ட்-ஆர்க்கிடெக்சர்' என்று கேளுங்கள். பேக்கேஜுக்குத் தேவையான விடை அதில்தான் இருக்கிறது.

3. எழுத்துரு, ஆவணம், வெறும் பைத்தான் ஸ்கிரிப்ட் என்றால் கன்ட்ரோல் ஃபைலில் 'ஆல்' போடுங்கள். ஒருமுறை கட்டினால் எல்லா மெஷினுக்கும் போதும். கம்பைல் ஆகிற நிரல் என்றால் 'எனி'.

4. '-மார்ச்=நேட்டிவ்' என்ற கம்பைலர் கொடி மேக்ஃபைலில் ஒளிந்திருக்கிறதா என்று தேடிப்பாருங்கள். இருந்தால் எடுத்துவிடுங்கள். அது உங்கள் சிப்பில் உள்ள புதுக் கட்டளைகளையெல்லாம் பயன்படுத்திக்கொள்ளும். பழைய கணினி வைத்திருப்பவருக்கு 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று சொல்லி நிரல் நின்றுவிடும். பேக்கேஜ் நமக்காகக் கட்டுவதில்லை.

5. 'ஆர்ம்எச்எஃப்' என்ற ஒரே பெயருக்கு இரண்டு பொருள் உண்டு. டெபியனில் அது ஆர்ம்வி7. ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் 32 பிட் பதிப்பில் ஆர்ம்வி6, ஏனென்றால் முதல் பையும் பை ஜீரோவும் அந்த ரகம். டெபியனில் கட்டியதை அவற்றில் போட்டால் மேலே சொன்ன அதே 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' பிழைதான்.

6. சி மொழியில் எழுதுகிறவர்கள், அதிலும் தமிழ் எழுத்துகளைக் கையாளுகிறவர்கள், இதை இரண்டு முறை படியுங்கள். 'கேர்' என்ற வகை இன்டெல்லில் -128 முதல் 127 வரை. ஆர்ம் லினக்ஸில் 0 முதல் 255 வரை. யூடிஎஃப்-8இல் 'அ' என்ற எழுத்து 224, 174, 133 என்ற மூன்று பைட். 'பூஜ்யத்துக்குக் கீழே போனால் அது ஆங்கில எழுத்து இல்லை' என்று சோதிக்கும் நிரல் இன்டெல்லில் சரியாக ஓடும். ஆர்மில் ஒரு தமிழ் எழுத்தைக்கூட அடையாளம் காணாது. 'கெட்கேர்' தருவதைக் 'கேர்'இல் வாங்கினால் இன்னும் மோசம்: ஃபைல் முடிந்ததைச் சொல்லும் -1 ஆர்மில் 255 ஆகிவிடும், சுற்று நிற்கவே நிற்காது. பைட்டுகளுக்கு 'அன்சைன்ட் கேர்', 'கெட்கேர்' விடைக்கு 'இன்ட்' என்று எழுதிவிடுங்கள். ஆர்ம் மெஷின் கையில் இல்லையா? உங்கள் மடிக்கணினியிலேயே '-எஃப்அன்சைன்ட்-கேர்' கொடியோடு கம்பைல் செய்து சோதனைகளை ஓட்டுங்கள். பாதிப் பிழைகள் அங்கேயே வெளியே வரும்.

7. நினைவகத்தில் இருக்கும் எண்ணை அப்படியே ஃபைலில் கொட்டாதீர்கள். 258 என்ற எண்ணை இரண்டு பைட்டில் வைத்தால் இன்டெல்லிலும் ஆர்மிலும் 2, 1 என்று கிடக்கும். ஐபிஎம் மெயின்ஃப்ரேமின் எஸ்390எக்ஸில் 1, 2 என்று கிடக்கும். எந்த வரிசை என்று முடிவு செய்து, அந்த வரிசையில் பைட் பைட்டாக எழுதுங்கள்.

8. க்யூஎமு இருந்தால் மடிக்கணினியிலேயே வேறு சிப்பைப் போல நடித்துக் கட்டலாம். வேகம்தான் குறைவு. கிராஸ் பில்ட் வேகமானது, ஆனால் கட்டிய நிரலின் சோதனைகளை அங்கே ஓட்ட முடியாது. பல த்ரெட் உள்ள நிரலுக்கு இரண்டுமே போதாது. இன்டெல் சிப் நினைவகத்தில் எழுதும் வரிசையைக் கண்டிப்பாகக் காக்கும், ஆர்ம் அவ்வளவு காக்காது. அதனால் வரும் பிழை க்யூஎமுவில் தலைகாட்டாமலே போகலாம். நிஜ மெஷினில் ஒருமுறையாவது ஓட்டுங்கள்.

9. மெமரி பேஜ் 4 கேபி என்று நிரலில் எழுதிவைக்காதீர்கள். ராஸ்பெர்ரி பை 5இன் கெர்னல் 16 கேபி பேஜோடு வருகிறது. ஓடும்போது கணினியையே கேட்டுக்கொள்ளட்டும்.

10. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் ரிஸ்க்-வி 64 அதிகாரபூர்வமாகச் சேர்ந்தது. 32 பிட் ஆர்மில் நேரத்தைக் குறிக்கும் 'டைம்_டி' 64 பிட் ஆனது. 2038 ஜனவரி 19இல் கணக்கு நிரம்பிவிடும் என்பதற்காகச் செய்த மாற்றம் அது. பழைய நிரலில் நேரத்தை 'லாங்' என்று எண்ணி அச்சிடும் வரிகள் இருந்தால் இப்போதே திருத்துங்கள்.

11. அனுப்புவதற்கு முன் டெப் ஃபைலைப் பிரித்து, உள்ளே இருக்கும் ஒவ்வொரு பைனரியிலும் 'ஃபைல்' கட்டளையை ஓட்டுங்கள். ஆர்ம்64 பேக்கேஜுக்குள் இன்டெல் பைனரி ஒன்று உட்கார்ந்திருப்பதை நான் இப்படித்தான் பிடித்தேன். மூல நிரலோடு யாரோ ஏற்கெனவே கம்பைல் செய்து வைத்திருந்த நூலகம் அது.