வீட்டு பாலிசி பிரீமியம் எகிறுகிறதா? பெங்களூருவாசிகள் கவனிக்க வேண்டியவை

2022 செப்டம்பர் வெள்ளத்தில் சர்ஜாபூர் சாலை ரெயின்போ டிரைவ் லேஅவுட்காரர்கள் டிராக்டரில் ஏறி வெளியே வந்தார்கள். 2024 அக்டோபரில் எலஹங்கா கேந்திரிய விஹார் குடியிருப்புக்குப் படகு வந்தது. 2025 மே மாதம் ஹொரமாவு சாயி லேஅவுட் மறுபடி மூழ்கியது. இதற்குப் பிறகு பாலிசி புதுப்பிக்கும்போது தொகை கூடியிருந்தால் வியப்பில்லை. கேட்டதை அப்படியே கட்டிவிடவும் வேண்டாம், எரிச்சலில் பாலிசியைக் கைவிடவும் வேண்டாம்.

முதலில் காப்பீட்டுத் தொகையைப் பாருங்கள். பெரும்பாலும் பணம் வீணாவது இங்கேதான். ஒன்றேகால் கோடிக்கு வாங்கிய ஃபிளாட் என்பதால் அதே தொகைக்குக் காப்பீடு எடுத்துவிடுகிறார்கள். வெள்ளம் நிலத்தையா அடித்துக்கொண்டு போகும்? 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்கும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசியில் கணக்கு எளிது: கார்ப்பெட் ஏரியாவை இன்றைய கட்டுமானச் செலவால் பெருக்க வேண்டும். 1,100 சதுர அடி, அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்தால் 27.5 லட்சம். கட்டடத்தோடு பொருட்களுக்கும் சேர்த்து எடுத்தால் அந்தத் தொகையில் 20%, அதிகபட்சம் 10 லட்சம் வரை, வீட்டுச் சாமான்களுக்குத் தானாகவே கிடைக்கும். ஆனால் பரப்பளவைக் குறைத்து எழுதி மிச்சம் பிடிக்காதீர்கள். எழுதிய அளவுக்குத்தான் இழப்பீடு.

அடுத்து, அபார்ட்மென்ட் அசோசியேஷன் செயலாளரிடம் பாலிசி நகலைக் கேளுங்கள். முழுக் கட்டடத்துக்கும் சங்கமே காப்பீடு எடுத்திருந்தால், நீங்களும் தனியாகக் கட்டடத்துக்குக் கட்டுவது தண்டம். உள்ளே இருக்கும் பொருட்களுக்கு மட்டும் எடுத்தால் போதும். பேஸ்மென்டில் இருக்கும் ஜெனரேட்டர், லிஃப்ட் மோட்டார், மின்பலகை சங்கத்தின் பாலிசியில் அடங்குமா என்பதையும் கேட்டுவிடுங்கள். முதலில் முழுகுவது அவைதான்.

ஆண்டுதோறும் விலை ஏறுவதுதான் கவலை என்றால், கையில் பணம் இருக்கும்போது பல ஆண்டு பாலிசியாக எடுங்கள். 10 ஆண்டு வரை எடுக்கலாம். இன்றைய விலையே நிற்கும்; கட்டடத் தொகை மட்டும் ஆண்டுக்கு 10% கூடுதல் பிரீமியம் இல்லாமலே உயரும். என்னைக் கேட்டால், இருக்கும் வழிகளில் இதுவே நல்லது.

வீட்டுக்கடன் கொடுத்த வங்கி நீட்டும் பாலிசியையே வாங்க வேண்டும் என்பதில்லை. வேறு இரண்டு மூன்று நிறுவனங்களில் விலை கேளுங்கள். கடன்காரர் இறந்தால் கடனை அடைக்கும் காப்பீடு வேறு, வீட்டுக் காப்பீடு வேறு. இரண்டையும் ஒன்றாகக் கட்டித் தருவார்கள், பிரித்துப் பாருங்கள். நகை, ஓவியம் போன்ற கூடுதல் இணைப்புகளையும் தேவையில்லாவிட்டால் வெட்டலாம். வெள்ளத்துக்கான பாதுகாப்பை மட்டும் தொடாதீர்கள். வீட்டருகே ராஜகாலுவே (பெரிய மழைநீர்க் கால்வாய்) ஓடுவதையோ முன்பு தண்ணீர் புகுந்ததையோ நிறுவனம் கேட்டால் மறைக்கவும் வேண்டாம். க்ளைமை மறுக்க அதுவே காரணமாகிவிடும்.

கார் இந்த பாலிசியில் வராது. அதற்கு மோட்டார் பாலிசியில் எஞ்சின் பாதுகாப்பு இணைப்பு வேண்டும். நீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது.

தண்ணீர் வந்துவிட்டால் அன்றே நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். சுவரில் படிந்த சேற்றுக்கோடு தெரியும்படி, பக்கத்தில் அளவுநாடா பிடித்து, அறை அறையாகப் படம் எடுங்கள். ஊறிப்போன மெத்தையும் ஃபிரிட்ஜும் நாறினாலும் சர்வேயர் பார்க்கும்வரை எறியாதீர்கள். எறிந்தே ஆக வேண்டுமானால் நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பில்களை இப்போதே மின்னஞ்சலில் போட்டு வையுங்கள்; அலமாரியில் இருந்தால் அவையும் நனையும்.

இழப்பீட்டை இழுத்தடித்தால் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனை அணுகலாம். பெங்களூரு அலுவலகம் ஜே.பி. நகரில் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரையிலான இழப்பீட்டுக்கு அவர் உத்தரவிடலாம். வழக்கறிஞர் தேவையில்லை, கட்டணமும் கிடையாது.