காயல் துறையும் கரிசல் நாயும்

தாமிரபரணிக் கழிமுகத்தை அடுத்த காயல்பட்டினம் கடற்கரையில் குதிரைகளை இறக்கிய அரபு வணிகர்களே சலூக்கி என்னும் மேற்காசிய வேட்டைநாயையும் கொண்டுவந்தனர் என்றும், சிப்பிப்பாறை, கன்னி ஆகிய நாயினங்கள் அதன் வழித்தோன்றல்களே என்றும் ஒரு நம்பிக்கை நெடுநாளாக நிலவுகிறது. குதிரை வந்தது உண்மை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைக் கண்ட மார்க்கோ போலோ காயல் துறையின் குதிரை வணிகத்தை விவரித்தார். அவர் குறித்த ஊர் இன்றைய பழையகாயல் என்பது ஆய்வறிஞர் கால்டுவெல்லின் முடிவு. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், பாண்டிய நாட்டுக் கரையை உள்ளடக்கிய மாபார் முதலிய இந்தியக் கரைகளுக்கு ஆண்டுக்கு 10,000 குதிரைகள் வந்ததாக எழுதினார். இக்குறிப்புகள் குதிரைக்குச் சான்றாகுமே அன்றி நாய்க்குச் சான்றாகா.

நீண்ட முகம், ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு ஆகிய ஒற்றுமைகளும் உறவை மெய்ப்பிக்கப் போதா. மோப்பத்தைவிடக் கண்ணை நம்பித் திறந்த வெளியில் இரையைத் துரத்தும் நாய்களைப் பார்வை வேட்டைநாய்கள் என்பர். எந்த நாட்டிலும் வேகத்திற்காகவே தலைமுறைதோறும் தெரிந்தெடுக்கப்படும் நாய், ஓட்டத்திற்கு உகந்த இந்த உடற்கட்டையே நாளடைவில் பெறுகிறது. மேலும், நாயைப் போற்றும் வழக்கம் தமிழகத்திற்குக் கடல்வழி வந்ததன்று. திருவண்ணாமலை வட்டாரத்து எடுத்தனூர் நடுகல், 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், கள்வரை எதிர்த்து நின்ற கோவிவன் என்னும் நாயைப் பெயரிட்டுச் சிறப்பிக்கிறது. அது எந்த இனம் என்பதைக் கல் கூறவில்லை. எனினும் காயலின் குதிரை வணிகத்திற்கு அது ஏறத்தாழ ஆறு நூற்றாண்டு முற்பட்டது. சிப்பிப்பாறை என்பது விருதுநகர் மாவட்டத்து ஊர். கன்னி நாய் கோவில்பட்டி வட்டாரத்தில் பேணப்படுவது. இரண்டும் கடற்கரையைவிட உள்நாட்டுக் கரிசல் மண்ணோடு ஒட்டியவை.

வேட்டைநாய் ஆதலால் இவை மனிதரையும் பாய்ந்து கடிக்கும் என்பது இன்னும் தீங்கான நம்பிக்கை. ஓடும் முயலைத் துரத்தும் உந்துதல் வேறு, மனிதர்மீது கொள்ளும் சினம் வேறு. அயலாரிடம் இவை பொதுவாக ஒதுங்கி நிற்பவை. குட்டிப் பருவத்தில் மனிதரோடு பழகாமல், நாள் முழுதும் சங்கிலியில் கிடந்து வளரும் நாய் மருள்வதும் சீறுவதும் வளர்ப்பின் குறையே. துரத்தும் உந்துதல் மட்டும் எளிதில் மறைவதில்லை. ஆடும் கோழியும் மேயும் தெருவில் இந்நாயைக் கயிறின்றி விடுவது பொருந்தாது.

1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முயல் வேட்டையும் குற்றமே. இந்நாய்களை வளர்ப்போர் அவற்றிற்கு வேட்டைக்கு மாற்றாக, நாள்தோறும் வேலியிட்ட திடலில் ஓட இடம் தர வேண்டும்.