ஆல்ப்ஸில் பனிச்சறுக்கு: யாருக்கு எந்த மலை?

ஆல்ப்ஸில் பனிச்சறுக்கு விடுமுறைக்கு ஊர் தேடும்போது முதலில் கண்ணில் படுவது கிலோமீட்டர் கணக்கு. பிரான்ஸின் 'த்ருவா வாலே' வட்டாரத்தில் 600 கிலோமீட்டர், இத்தாலியின் டோலமைட்ஸ் மலைகளில் ஒரே லிஃப்ட் பாஸில் 1,200 கிலோமீட்டர் என்று விளம்பரங்கள் அடுக்கிக்கொண்டே போகும். தேர்வுக்கு இதைவிடப் பயனற்ற எண் இல்லை. முதல் முறை ஸ்கீ கட்டுபவருக்கு அந்த வாரம் முழுவதும் ஓரிரண்டு மென்சரிவுகளே போதும். நன்றாகச் சறுக்குபவரும் ஆறு நாளில் அந்தப் பரப்பைச் சுற்றி முடிப்பதில்லை. குழுவில் மிகக் குறைந்த பயிற்சி உள்ளவர் யார், முதல் இரண்டு நாள் அவர் எந்தச் சரிவில் நிற்பார், ஸ்கீயே தொடாதவர் பகல் பொழுதை எப்படிக் கழிப்பார் என்ற கேள்விகளே ஊரை முடிவு செய்ய வேண்டும்.

சறுக்குத்தடங்களுக்கு நிறம் உண்டு. பிரான்ஸில் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என நான்கு. ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, இத்தாலியில் பொதுவாகப் பச்சை இல்லாமல் மூன்று. ஆஸ்திரியத் தரவிதிப்படி நீலத் தடத்தின் சாய்வு 25 விழுக்காட்டுக்குள்ளும் சிவப்பின் சாய்வு 40 விழுக்காட்டுக்குள்ளும் இருக்க வேண்டும். குறுகிய துண்டுகளுக்கு மட்டும் விலக்கு. பிரான்ஸிலோ ஒவ்வோர் ஊரும் தன் மலையைப் பார்த்துத் தானே நிறம் பூசுகிறது. அதனால் வால் திசேரின் பச்சைத் தடம் வேறோர் ஊரின் நீலத்தைவிடக் கடினமாக இருக்கலாம். வால் திசேரில் மாலையில் ஊருக்கு இறங்கும் தடங்கள் செங்குத்தானவை என்பது நெடுநாளைய புகார். புதியவர்கள் பலர் லிஃப்டிலேயே இறங்குகிறார்கள்.

அடுத்தது உயரம். கீழே இருக்கும் ஊர்கள் அழகானவை, ஆனால் பனிக்கு உத்தரவாதம் இல்லாதவை. ஆஸ்திரியாவின் கிட்ஸ்பூஹெல் நகரம் ஏறத்தாழ 760 மீட்டரில் இருக்கிறது. வெப்பமான குளிர்காலத்தில் அதன் கீழ்ச்சரிவுகள் செயற்கைப் பனி தூவும் பீரங்கிகளை நம்பியே நிற்கின்றன. பிரான்ஸில் 2,300 மீட்டரில் உள்ள வால் தொராஸில் அந்தக் கவலை குறைவு. ஆனால் அங்கே மரமே கிடையாது. மேகம் இறங்கிவிட்டால் வானமும் தரையும் ஒரே வெள்ளையாகி, மேடு எது பள்ளம் எது என்று தெரியாமல் போகும். மோசமான வானிலையில் மரங்களுக்கு நடுவே போகும் தடமே கண்ணுக்குத் துணை. டிசம்பரிலோ ஏப்ரலிலோ போகிறவர் உயரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். நடுக்குளிரில் மரங்கள் வளரும் உயர எல்லையை ஒட்டிய ஊர் போதும்.

புதியவருக்கு வேண்டியவை மூன்று: அகலமான மென்சரிவு, கம்பளம்போல் நகரும் லிஃப்ட், நல்ல சறுக்குப் பள்ளி. இவை தங்குமிடத்துக்கு நடைதூரத்தில் இருக்க வேண்டும் என்பதே பலரும் மறந்துவிடும் நிபந்தனை. இறுகிய பூட்ஸ் மாட்டி, ஸ்கீயைத் தோளில் சுமந்து, பேருந்துக்குக் காத்து நின்றால் பாடம் தொடங்குமுன்பே தெம்பு தீர்ந்துவிடும். இந்த வகையில், 1960களிலும் அதன் பிறகும் திட்டமிட்டுக் கட்டப்பட்ட பிரெஞ்சு ஊர்கள் பார்க்க எப்படியிருந்தாலும் வசதியில் முந்துகின்றன. மோட்டார் வாகனம் நுழையாத அவோரியாஸில் வாசலிலேயே ஸ்கீ கட்டலாம். குழந்தைகளுள்ள குடும்பத்துக்கு அதைவிட நிம்மதியான இடம் குறைவு. கூர்ஷவெலின் மேல் ஊரில் தொடக்கச் சரிவுகள் அருமை, விலைதான் அச்சுறுத்தும். அதே மலையின் அடிவாரமான லெ ப்ராஸில் தங்கினால் செலவு குறையும். ஆஸ்திரியாவில் 1,930 மீட்டரில் உள்ள ஓபர்குர்கல் அமைதியானது, பனியும் நம்பகமானது. இத்தாலியின் ஆல்டா பாடியாவில் நீலத் தடங்கள் பெரும்பாலும் உண்மையிலேயே நீலம். பயில்பவர் மூன்றாம் நாளே ஊர்விட்டு ஊர் சறுக்கிப் போன மகிழ்ச்சியைப் பெறலாம். முழு மலைக்குமான பாஸை முதல் நாளே வாங்குவது வீண். பல ஊர்களில் தொடக்கச் சரிவு லிஃப்டுகளுக்குத் தனியே மலிவான சீட்டு உண்டு. சில இடங்களில் அவை இலவசம்.

சிவப்புத் தடத்தில் தடுமாறாமல் இறங்குபவருக்கே ஆல்ப்ஸ் அள்ளித் தருகிறது. டோலமைட்ஸில் செல்லா மலைத்திரளைச் சுற்றிவரும் செல்லா ரோண்டா, லிஃப்டுகளையும் சேர்த்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். ஒரு பகலில் முடிக்கலாம். ஆரஞ்சுப் பலகை கடிகாரச் சுற்று, பச்சைப் பலகை எதிர்ச்சுற்று. அங்கே இயற்கைப் பனி மற்ற இடங்களைவிடக் குறைந்தாலும் செயற்கைப் பனி ஏற்பாடு தேர்ந்தது. மதிய உணவு ஆல்ப்ஸிலேயே சிறந்தது என்று தயங்காமல் சொல்லலாம். சுவிட்சர்லாந்தின் ஸெர்மாட்டில் மாட்டர்ஹார்னின் நிழலில் சறுக்கி, 3,883 மீட்டர் நிலையம் வழியாக இத்தாலியின் செர்வினியாவுக்கு இறங்கிச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம். கடைசி லிஃப்டைத் தவறவிட்டால் மலையைச் சுற்றிப் பல மணி நேர டாக்ஸிப் பயணம்தான். ஸெர்மாட் புதியவருக்கு ஏற்றதல்ல. செலவும் அதிகம், தொடக்கச் சரிவுக்கே மேலே ஏற வேண்டும்.

தேர்ந்தவர்கள் தேடுவது தடத்துக்கு வெளியே கிடக்கும் தொடாத பனியை. செயின்ட் ஆன்டன், வெர்பியே, ஷமோனி ஆகியவை அவர்களின் தலங்கள். இந்தியச் சுற்றுலாக் குழுக்கள் சுழலும் கேபிள் காரில் ஏறிப் பனியைத் தொட்டுத் திரும்பும் டிட்லிஸ்கூட தேர்ந்தவர்களுக்கு வேறொரு மலை. தடத்துக்கு வெளியே சறுக்கும் எங்கெல்பெர்க்கின் லாப் சரிவு அங்கேதான் இருக்கிறது. ஷமோனியில் 3,842 மீட்டர் எகுய் டு மிடியிலிருந்து இறங்கும் வாலே பிளான்ஷ் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நீளப் பனியாற்றுப் பாதை. சறுக்கும் திறன் அளவில் அது அத்தனை கடினமில்லை. ஆபத்து பனிப்பிளவுகளில் இருக்கிறது, ஆகவே மலை வழிகாட்டி இல்லாமல் போகலாகாது. பனிச்சரிவு அபாயம் ஐந்து படிகளில் அறிவிக்கப்படுகிறது. மூன்றாம் படியை நடுத்தரம் என்று எடுத்துக்கொள்வது தவறு. உயிரிழப்புகளில் பெரும்பங்கு அந்தப் படியில்தான் நிகழ்கிறது. பனியில் புதைந்தவரைக் கண்டறியும் சமிக்ஞைக் கருவி, மண்வெட்டி, துழாவு கோல் மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும்.

ஸ்கீயில் நாட்டமில்லாதவருக்கு, பிரான்ஸின் உயரமான செயற்கை ஊர்களில் இரண்டாம் நாளே பொழுது போகாது. சுவிட்சர்லாந்தின் வெங்கனும் கிரிண்டல்வால்டும் அவர்களுக்கு நல்லவை: ரயிலே மேலே கொண்டுபோகும், நடைபாதைகளும் சறுக்குவண்டித் தடங்களும் நிறைய. சமவெளியில் உந்தி நடக்கும் கிராஸ் கன்ட்ரிக்கு ஆஸ்திரியாவின் சீஃபெல்ட் பெயர் பெற்றது. 1964, 1976 இன்ஸ்ப்ரூக் ஒலிம்பிக்கில் அந்தப் போட்டிகள் அங்கேதான் நடந்தன.

பாட்டி முதல் பேரன் வரை கலந்து செல்லும் குழுவுக்கு ஆல்டா பாடியாவே முதல் தேர்வு, வெங்கன் அடுத்தது. இப்படிப்பட்ட குழுவுக்கு ஷமோனியே மோசமான தேர்வு. அதன் சறுக்கு மலைகள் பெரும்பாலும் ஒன்றோடொன்று இணையாதவை. தேர்ந்தவர் ஒரு மலைக்கும் புதியவர் இன்னொரு மலைக்கும் பேருந்தேறிப் பிரிந்தால் மதிய உணவுக்குக்கூட ஒன்றுசேர முடியாது. சைவ உணவுக்காரர் உள்ள குழு, ஹோட்டலைவிடச் சமையலறை உள்ள அடுக்ககத்தை எடுப்பது நல்லது. இல்லையென்றால் ஆறு இரவும் பாலாடைக்கட்டிதான்.

காலத்தைப் பொறுத்தவரை, புத்தாண்டு நெரிசல் கலைந்தபின் வரும் ஜனவரி வாரங்கள் மலிவானவை, ஆனால் கடுங்குளிர். பிப்ரவரியில் பள்ளி விடுமுறையால் வரிசை நீளும், விலை உச்சத்துக்குப் போகும். பயில்பவருக்கு மார்ச் நடுப்பகுதி சிறந்தது: வெயில் இருக்கும், பகல் நீண்டிருக்கும், விழுந்தாலும் பனி இளகியிருக்கும்.

நான்கு நாடுகளுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். காப்பீடு மட்டும் தனியே பார்க்க வேண்டும். இத்தாலியின் சறுக்குத்தடங்களில் பிறருக்கு நேரும் காயத்துக்கான காப்பீடு 2022 முதல் கட்டாயம். சாதாரணப் பயணக் காப்பீடு பனிச்சறுக்கையோ தடத்துக்கு வெளியே சறுக்குவதையோ விலக்கி வைத்திருக்கலாம். ஹெலிகாப்டர் மீட்புச் செலவு காப்பீட்டில் அடங்குகிறதா என்பதைப் பணம் கட்டுமுன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.