பார்த்துச் செய்

கர்த்தருக்குள் அன்பான மருமகனுக்கு,

அத்தை எழுதுகிறேன். உன் கடிதம் கிடைத்தது. திடப்படுத்தல் முடிந்து திருவிருந்திலும் பங்கெடுத்துவிட்டாய், சந்தோஷம். ஊழியத்துக்குப் போகிறவர்களைப் பார்த்தால் ஏக்கமாக இருக்கிறது, நான் விடுதி, வகுப்பு, தேர்வு என்று கிடக்கிறேன், ஆண்டவருக்கு நான் என்ன செய்ய முடியும் என்று கேட்டிருக்கிறாய். கேள்வி நல்லதுதான். ஆனால் பெரிதாக ஏதாவது செய்தால்தான் அவர் கணக்கில் சேரும் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. அதை முதலில் எடுத்துப்போடு.

மாற்கு 5-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசி. யவீருவின் பன்னிரண்டு வயது மகள் உயிரோடு எழுந்து நடக்கிறாள். வீட்டில் இருந்தவர்கள் பிரமித்து நிற்கிறார்கள். இயேசுவோ, பிள்ளைக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்கிறார். அற்புதத்தைக் கண்ட பெற்றோருக்கே தோன்றாத ஒன்று அவருக்குத் தோன்றியது: நோயில் கிடந்த பிள்ளைக்குப் பசிக்கும். உயிர்த்தெழுந்த பின்னும் அவர் அப்படியேதான் இருந்தார். இரவெல்லாம் வலைவீசிக் களைத்துக் கரைசேர்ந்த சீஷர்களுக்கு மீனும் அப்பமும் ஆயத்தமாக இருந்தன. எதிரே இருப்பவருக்கு இப்போது என்ன தேவை என்று கண் திறந்து பார்ப்பதில்தான் அன்பு தொடங்குகிறது. கைவேலை அதற்குப் பின்னால் வருவது.

இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு சாட்சி உண்டு. டாக்டர் பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் படித்துவிட்டு 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோய் வந்தால் விரல்கள் அழுகி விழும் என்று உலகமே நம்பிய காலம் அது. செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் மடங்கிப்போன ஒரு கையைப் பிடித்துப் பார்த்தார். அந்த விரல்களில் அவர் எதிர்பாராத பலம் இருந்தது. அப்படியானால் தசை சாகவில்லை. எல்லாத் தசையும் செயலிழக்கவில்லை என்றால், வேலை செய்கிற தசையின் நாணை எடுத்து மாற்றிப் பொருத்தி விரல்களை மறுபடி இயங்கவைக்கலாமே என்று யோசித்தார். செய்தும் காட்டினார்.

விரல்கள் ஏன் குறைகின்றன என்பதையும் பொறுமையாகக் கவனித்தார். நோய் உணர்ச்சியைக் கொன்றுவிடுகிறது. வலி தெரியாததால் சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறார்கள், புண்ணோடு நடக்கிறார்கள், கை கிழியும்வரை பூட்டைத் திருகுகிறார்கள். காயத்தில் கிருமி சேர்ந்து விரல் போகிறது. ராத்திரி முழுசாக இருந்த விரல் காலையில் குறைந்திருந்ததும் உண்டு. விழித்திருந்து பார்த்தபோதுதான் தூங்குகிறவரின் விரலை எலி கடிப்பது தெரிந்தது. அதற்கு என்ன மருந்து? பூனை! ஆளுக்கொரு பூனையைக் கொடுத்து அனுப்பினார்கள். பாதப் புண்ணுக்கு மிருதுவான ரப்பரில் செருப்பு செய்தார்கள். ஒரு பூனையும் ஒரு ஜோடி செருப்பும் அறுவைச் சிகிச்சைக்குச் சமமான ஊழியம் ஆயின.

கை சரியானவர்களில் சிலர் திரும்பி வந்து முறையிட்டார்கள். நிமிர்ந்த கைக்குப் பிச்சை விழவில்லை, தொழுநோய் வந்தவர் என்று வேலையும் கிடைக்கவில்லை. சிகிச்சை முடிந்தது, இனி உன் பாடு என்று சொல்லிவிடலாம். பிராண்டும் அவரோடு இருந்தவர்களும் அப்படிச் சொல்லவில்லை. தச்சுவேலை போன்ற தொழில்களைக் கற்றுக்கொடுக்க நவஜீவ நிலையம் எழும்பியது. நல்ல சமாரியன் செய்ததும் இதுதானே? காயத்தைக் கட்டியதோடு போகாமல், சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்து, மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றான். தொட்ட உதவியைக் கடைசிவரை கொண்டுபோய் விடுவதும் விசுவாசத்தில் சேர்ந்ததே.

நான் மருத்துவன் இல்லையே என்பாய். மருத்துவனாக இருக்க வேண்டாம். உன் கைக்கு எட்டுகிறதைச் சொல்கிறேன்.

முதலாவது, கேட்டுச் செய். பர்திமேயு பார்வையற்றவன் என்பது எரிகோவில் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்று இயேசு அவனிடம் கேட்டார். உன் கல்லூரியில் பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதிக்கொடுக்க ஆள் தேடுவார்கள். பெயர் கொடு. போனால் கேள்வியை நிதானமாக இரண்டு தடவை வாசி. அவர் சொல்வதைச் சொன்னபடி எழுது. விடை தப்பென்று உனக்குத் தோன்றினாலும் திருத்தாதே, அது அவருடைய தேர்வு. சாலையைக் கடக்க உதவுவதானாலும் வரட்டுமா என்று கேட்டு, உன் கையை அவர் பிடிக்கும்படி கொடு. அவரை இழுத்துக்கொண்டு போகாதே.

இரண்டாவது, ஒழுங்காகச் செய். எருசலேம் சபையில் கிரேக்கம் பேசுகிற விதவைகள் அன்றாடப் பந்தியில் விடுபட்டுப்போனார்கள் என்று முறுமுறுப்பு வந்தது. அதற்கு அப்போஸ்தலர் உபதேசம் பண்ணி முடித்துக்கொள்ளவில்லை. நற்பெயர் உள்ள ஏழு பேரைத் தெரிந்தெடுத்துப் பந்திவிசாரணையை ஒப்படைத்தார்கள். யார் விடுபடுகிறார்கள் என்று கணக்குப் பார்ப்பதும் ஆவிக்குரிய வேலைதான். நம் அம்மாச்சிமார் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போட்டுக் கோயிலுக்குக் கொடுத்தார்களே, அதன் பலமும் தினமும் விடாமல் செய்ததில்தான் இருந்தது. உனக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது, எடையும் 45 கிலோவுக்கு மேல். உடம்பு நன்றாக இருந்தால் ரத்தம் கொடுக்கலாம். ஆண்களுக்கு மூன்று மாத இடைவெளி வேண்டும். நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொள்.

மூன்றாவது, கூலி எதிர்பாராதே. படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடாதே, வாங்குகிறவருக்கு மானம் உண்டு. உதவியைத் தூண்டிலாக்காதே. நீ நோட்ஸ் கொடுத்தாய் என்பதற்காக உன் அறைத்தோழன் ஜெபக்கூட்டத்துக்கு வரவேண்டியதில்லை. ஏன் செய்கிறாய் என்று அவனாகக் கேட்டால் மறைக்காமல் சொல். மத்தேயு 25-இல் நீதிமான்கள் ஆண்டவரே எப்பொழுது செய்தோம் என்று ஆச்சரியப்பட்டுக் கேட்கிறார்கள். அவர்கள் கையில் கணக்கு நோட்டு இல்லை.

ஒரு எச்சரிக்கை. ஊருக்கு உபகாரியாக இருந்து வீட்டுக்குள் எரிந்து விழுகிறவர்கள் சபையில் உண்டு. மெஸ்ஸில் பரிமாறுகிற அண்ணனைப் பெயர்சொல்லிக் கூப்பிடு. சாப்பிட்ட தட்டை எடுத்து வை. வாங்கிய கடனைச் சொன்ன நாளில் கொடு. லீவுக்கு வரும்போது உன் துணியை நீயே துவை, அம்மாவுக்கு முதுகுவலி. எல்லாருடைய பாரத்தையும் உன் ஒருவன் தலையில் ஏற்றிக்கொள்ளவும் வேண்டாம். இயேசுவே கூட்டத்தை விட்டுத் தனியே மலைக்குப் போனவர். படிக்க வேண்டிய நேரத்தில் படி. நாளைக்கு நீ வேலையைத் திறமையாகச் செய்தால் அதனால் பிழைக்கப்போகிறவர்கள் இருக்கிறார்கள். பிராண்டுக்கு இரக்கத்தோடு அறுவை மருத்துவமும் தெரிந்திருந்தது.

அடுத்த கடிதத்தில் நீ என்னென்ன உதவி செய்தாய் என்று எழுதவேண்டாம், அது உனக்கும் ஆண்டவருக்கும் தெரிந்தால் போதும். உன் மாடியில் யார் சாப்பிடாமல் படுக்கிறார்கள், யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டுக்குப் போன் பண்ணியே நாளாயிற்று என்று உனக்குத் தெரியுமா? தெரிந்துகொண்டேன் என்று ஒரு வரி எழுது. மீதியை உன் கை தானாகச் செய்துவிடும்.

ஜெபத்தில் உன்னை நினைத்துக்கொள்ளும்,
உன் அத்தை