பப்பாளி: பழம் வேறு, காய் வேறு

"மாசமா இருக்கிறவ பப்பாளியைத் தொடக் கூடாது" என்பார்கள் பெரியவர்கள். சரிதானா?

2002-ல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தார் எலிகளிடம் சோதித்தார்கள். பழுத்த பழச்சாறு குடித்த சினை எலிகளுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் காயின் பால், எலியின் கருப்பைத் தசையைச் சுருங்க வைத்தது. பிரசவ வலியைத் தூண்டும் ஆக்ஸிடாசின் ஹார்மோனின் வேலையும் அதுதான்.

எலிக்கு நடந்ததெல்லாம் நமக்கும் நடக்கும் என்றில்லை. அதற்காக வயிற்றுப் பிள்ளையை வைத்துச் சோதிக்க முடியுமா? கர்ப்பிணிகள் காயையும் செங்காயையும் தவிர்த்திடுங்க. காய் தின்று கருவைக் கலைக்கப் பார்ப்பது உயிருக்கே ஆபத்து.

குற்றாலம் சீசனில் தென்காசிப் பக்கம் வாங்கும் மூலிகைப் பொடியும் அப்படித்தான். கிராம சுகாதார செவிலியரிடம் கேட்காமல் சாப்பிடாதீங்க.

குழுவில் பேச: நம் ஊரில் கர்ப்பிணிகள் என்னென்ன மூலிகை சாப்பிடுகிறார்கள்?